கூட்டம் கலைந்த பிறகு பேசுங்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் ஓய்வு பெற்ற அரசுப் பேருந்து நடத்துநர். பணிமனையில் பல காலம் சங்கக் கிளைச் செயலாளராக இருந்தவர். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கருத்து ஒத்துவராதவர்களோடு எப்படிப் பழகுவது என்றே கேட்டிருந்தன.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறுபது பேர் இருக்கிறோம். பெரியப்பா தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு செய்திகளைத் தட்டிவிடுவார். சென்ற மாதம், ஏதோ ஒரு கிழங்குச் சாற்றைக் குடித்தால் சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று ஒன்று வந்தது. எனக்குத் தாங்கவில்லை. அது பொய் என்று குழுவிலேயே ஆதாரத்தோடு எழுதினேன். பெரியப்பா குழுவை விட்டு வெளியேறிவிட்டார். 'பெரியவரை இப்படியா அவமானப்படுத்துவது' என்று அத்தை, சித்தி எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். நான் செய்தது தவறா?
– வாசகி, தென்காசி

சொன்னது தவறில்லை அம்மா. சொல்லியே தீர வேண்டிய விஷயம் அது. அறுபது பேர் இருக்கும் குடும்பத்தில் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர் இல்லாமலா இருப்பார்? அவர்களில் ஒருவர் அந்தச் சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அத்தையிடமும் சித்தியிடமும் கேளுங்கள்.

ஆனால் பெரியப்பா வெளியேறியது நீங்கள் மறுத்ததற்காக என்று எனக்குத் தோன்றவில்லை. பேரப்பிள்ளைகள், மருமகன்கள், சம்பந்திகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுத்ததற்காக.

ஓடுகிற பஸ்ஸில் இதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஒருவர் சின்ன டிக்கெட்டுக்கு நூறு ரூபாய் நோட்டை நீட்டுவார். பையில் சில்லறை இருக்காது. டிக்கெட்டின் பின்புறம் பாக்கியை எழுதிக் கொடுப்போம். "இப்படியே எழுதிக் கொடுத்து ஏமாற்றுகிறீர்கள்" என்பார். அந்த இடத்திலேயே நான் குரலை உயர்த்தினால், பின் சீட்டுக்காரர் அவருக்குப் பரிந்து வருவார், முன் சீட்டு அம்மா எனக்குப் பரிந்து வருவார். பாதி வண்டி அந்தப் பக்கம், பாதி வண்டி இந்தப் பக்கம். அதற்கு மேல் அவரே நினைத்தாலும் இறங்கிவர முடியாது. அத்தனை பேர் முன்னால் எப்படி இறங்கிவருவார்? அதே ஆளிடம், பாதிக் கூட்டம் இறங்கிய பிறகு பக்கத்தில் போய்ப் பணத்தை எண்ணிக் கொடுத்தால், "கோபத்தில் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று அவராகவே சொல்வார். உங்கள் குடும்பக் குழுவும் அறுபது பேர் ஏறிய பஸ்தான்.

பெரியப்பாவுக்குப் போன் செய்யுங்கள். எழுதாதீர்கள், பேசுங்கள். பக்கத்து ஊர் என்றால் நேரில் போங்கள். அந்தச் செய்தி அவருக்கு யார் அனுப்பியது என்று கேளுங்கள். அநேகமாக அவர் மதிக்கும் ஒரு நண்பரின் பெயரைச் சொல்வார். குடும்பத்தில் யாருக்காவது பயன்படட்டும் என்ற அக்கறையில்தான் அனுப்பியிருப்பார். அந்த அக்கறையை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு மாத்திரை விஷயத்தில் விட்டுக்கொடுக்காமல் பேசுங்கள். "குழுவுக்குத் திரும்பி வாருங்கள், மருத்துவரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று நீங்களே ஒரு வரி போடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அந்த வரி அவர் பெயரில் வந்தால், நீங்கள் கொடுத்த ஆதாரத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஒன்றையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். செய்தியின் தலைப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். ஏன் செய்தார்கள் என்பதைப் பெரியப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று சொல்லி ஊரே திரண்டு அவரை அடித்துக் கொன்றது. குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி அப்போது எல்லாருடைய போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிட்டவர்களிலும் உங்கள் பெரியப்பாவைப் போல அக்கறைப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

நீங்கள் ஒரு சங்கம், உங்கள் ஓட்டுநர் எதிர்ச் சங்கம் என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். ஒரே வண்டியில் எப்படிக் காலம் தள்ளினீர்கள்?
– வாசகர், அறந்தாங்கி

எந்தப் பணிமனை வாசலிலும் கொடிக்கம்பங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தி.மு.க.வுக்குத் தொ.மு.ச., அ.தி.மு.க.வுக்கு அண்ணா தொழிற்சங்கப் பேரவை, மார்க்சிஸ்டுகளுக்கு சி.ஐ.டி.யு., இந்தியக் கம்யூனிஸ்டுகளுக்கு ஏ.ஐ.டி.யு.சி., காங்கிரசுக்கு ஐ.என்.டி.யு.சி. என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பம், ஒரு கரும்பலகை. டூட்டி போடுகிறவர் கொடியைப் பார்த்து டூட்டி போடுவதில்லை. எனக்கு வாய்த்த ஓட்டுநர், வாசல் கூட்டத்தில் என் சங்கத்தைக் கிழித்துத் தொங்கவிடும் பேச்சாளர். அரைமணி நேரம் கழித்து இருவரும் ஒரே வண்டியில் ஏற வேண்டும்.

ஆண்டிபட்டியிலிருந்து கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாக வருசநாடு போய், அதையும் தாண்டி ஒரு கிராமத்தில் எங்களுக்கு நைட் ஹால்ட். கடைசி சிங்கிள், அதாவது கடைசி ஒருவழி நடை, போய்ச் சேர இரவு பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். அந்த ஊரில் வண்டி திரும்ப இடம் கிடையாது. ஒரு பக்கம் கண்மாய்க் கரை, ஒரு பக்கம் கோயில் சுவர். நடுவில் வண்டியைப் பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். விளக்கு இருக்காது. நான் இறங்கிப் பின்பக்கம் நின்று விசில் கொடுப்பேன். ஓட்டுநருக்குக் கண்ணாடியில் இருட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. நான் ஊதினால் பின்னால் வருவார், ஊதுவது நின்றால் பிரேக்கில் கால் வைப்பார். அன்று காலை என்னைத் துரோகி என்று மைக்கில் சொன்ன மனிதர், என் விசிலை நம்பிக் கண்மாய்க் கரை வரைக்கும் வண்டியைக் கொண்டுவருவார். ஒருநாள்கூட அவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கைக்கு நான் என்ன கைம்மாறு செய்வது? ஊதும்போது ஒழுங்காக ஊதுவதுதான்.

அதன் பிறகு பேசுவோம். என்ஜினை நிறுத்திவிட்டு, கடைசிப் பயணி போனபின், டீக்கடைக்காரர் எடுத்து வைத்திருக்கும் பரோட்டாவைப் பிரித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பேசுவோம். வேலைநிறுத்தத்தில் அவர் ஏன் வண்டி எடுத்தார் என்று அங்கேதான் கேட்டேன். அவர் மகளுக்குப் பிரசவ நேரம், ஒருநாள் சம்பளத்தையும் அவரால் இழக்க முடியவில்லை. அது பணிமனை வாசலில் அவர் வாயிலிருந்து வந்திருக்காது. கொள்கை விளக்கம்தான் வந்திருக்கும். "அண்ணே, இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன். "அத்தனை பேர் முன்னாலயா?" என்றார். அதற்குப் பிறகும் அவர் அந்தச் சங்கம்தான், நான் இந்தச் சங்கம்தான். வாசல் கூட்டத்தில் இருவரும் ஒரு சொல்லையும் குறைத்துக்கொள்ளவில்லை.

நானும் என் நண்பனும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். தேர்தல் நேரத்தில் அவன் முகநூல் பதிவின் கீழ் அவன் தலைவரைப் பற்றி எழுதினேன். அவன் என் அப்பாவின் தொழிலை இழுத்து எழுதினான். இரண்டு ஆண்டுகளாகப் பேச்சில்லை. கட்சியே வேறு என்றான பின் நட்பு சாத்தியமா?
– வாசகர், கோயம்புத்தூர்

கட்சி வேறானதால் உங்கள் நட்பு உடையவில்லை தம்பி. அப்பாவின் தொழிலை இழுத்ததால் உடைந்தது. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கட்சி வேறாக இருந்தும் நட்பு நிலைத்ததற்குத் தமிழ்நாட்டில் ராஜாஜியையும் பெரியாரையும் விடப் பெரிய சாட்சி வேண்டாம். ஒருவர் சேலம் நகராட்சித் தலைவர், ஒருவர் ஈரோடு நகராட்சித் தலைவர் என்று இருந்த காலத்துப் பழக்கம். காங்கிரசில் ஒன்றாக இருந்தார்கள், பிரிந்தார்கள். ராஜாஜி ஆட்சி கட்டாய இந்தியைக் கொண்டுவந்தபோது எதிர்த்துப் போராடிய பெரியார், 1938-இல் அதே ஆட்சியில் சிறைக்குப் போனார். 1953-இல் ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி மூலை முடுக்கெல்லாம் எதிர்த்தார். இடையில் 1949-இல், தம் திருமணத்தையும் இயக்கச் சொத்தின் எதிர்காலத்தையும் பற்றி ஆலோசனை கேட்க அவர் திருவண்ணாமலையில் போய்ச் சந்தித்தது, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியைத்தான். என்ன பேசினீர்கள் என்று சொந்தக் கட்சியினரே கேட்டும் பெரியார் அதைப் பொதுவில் வைக்கவில்லை. 1972 டிசம்பர் 25-ஆம் நாள் ராஜாஜி மறைந்தபோது 93 வயதுப் பெரியார் இறுதிச் சடங்குக்கு வந்து அழுதார். எதிர்ப்பில் அவர் ஒருநாளும் தணிந்ததில்லை. ராஜாஜியின் வீட்டாரையோ பிழைப்பையோ இழுத்து வசைபாடியதாகவும் நான் படித்ததில்லை.

நீங்கள் எழுதியதை முதலில் அழியுங்கள். அழித்துவிட்டேன் என்று அங்கே அறிவிக்க வேண்டாம். பிறகு அவன் ஊருக்கு ஒரு டிக்கெட் எடுங்கள். அப்பாவைப் பற்றிச் சொன்னது உங்களுக்கு எவ்வளவு வலித்தது என்பதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவன் வருந்தவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம். அதையும் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா?

நான் கடவுள் மறுப்பாளன். மகனுக்குச் சுயமரியாதைத் திருமணம்தான் என்று அவன் பிறந்தபோதே முடிவு செய்தவன். சம்பந்தி வீட்டார் புரோகிதரும் ஹோமமும் இல்லாமல் பெண்ணைத் தாரை வார்க்க மாட்டோம் என்கிறார்கள். மகனும் மருமகளாக வரப்போகும் பெண்ணும் 'எங்களுக்கு எதுவானாலும் சரி' என்கிறார்கள். கொள்கையை விடுவதா, சம்பந்தியை விடுவதா?
– வாசகர், பட்டுக்கோட்டை

ஐயா, மகன் பிறந்தபோதே நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பிறக்கும்போதே ஒருவருடைய வாழ்க்கையை முடிவு செய்வதை எதிர்த்து வந்ததல்லவா நம் சுயமரியாதை இயக்கம்?

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இரண்டு வீட்டுக்கும் பயன்படும். 1967-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் கொண்டுவந்த திருத்தம், 7-ஏ பிரிவு. உறவினரோ நண்பர்களோ கூடியிருக்க, ஒருவரை ஒருவர் கணவனாக, மனைவியாக ஏற்கிறோம் என்று இருவருக்கும் புரிகிற மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும். மோதிரம் மாற்றினால் போதும். தாலி கட்டினால் போதும். புரோகிதர் தேவையில்லை. எந்த முறையில் நடந்தாலும் 2009-இல் வந்த திருமணப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். ஆகவே 'ஹோமம் இல்லாவிட்டால் கல்யாணம் செல்லாது' என்று பெண் வீட்டில் யாராவது பயந்தால் அந்தப் பயத்தைப் போக்கிவிடலாம். அவர்கள் கேட்பது செல்லுபடிக்காக இல்லை என்றால் எதற்காக என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் பெண்ணின் பாட்டி ஒருவர் இருப்பார். அவருக்கு அக்னி முன்னால் பேத்தியின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். சம்பந்தி உங்களிடம் கறாராகப் பேசுவது அந்தக் கிழவிக்குக் கொடுத்த வாக்குக்காக இருக்கும். மண்டபம் பேசும் நாளில், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் இது வெளியே வராது. சம்பந்தியும் நீங்களும் மட்டும் ஒரு மாலை நடந்து போய்வாருங்கள்.

அதற்கு முன்னால் பிள்ளைகள் இருவரையும் பெரியவர்கள் இல்லாமல் பேசவிடுங்கள். 'எதுவானாலும் சரி' என்பது பல நேரங்களில் 'உங்கள் சண்டையில் எங்களை இழுக்காதீர்கள்' என்பதுதான்.

எனக்குத் தெரிந்த வீட்டில் இப்படித்தான் முடிந்தது. பெண் வீட்டார் முதல் நாள் மாலை தங்கள் குலதெய்வக் கோயிலில் தங்கள் முறைப்படி செய்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா போனார். வெளிமண்டபத்தில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை மண்டபத்தில் மாலை மாற்றி, உறுதிமொழி சொல்லிக் கல்யாணம். அந்தப் பாட்டி முதல் வரிசையில் உட்கார்ந்து உறுதிமொழியைக் காதில் கை குவித்துக் கேட்டார். எந்தப் பக்கமும் கொள்கையை விட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பெரியார் குன்றக்குடி மடத்துக்குப் போனபோது அதன் தலைவர் அடிகளார் கொடுத்த திருநீற்றை மறுக்காமல் வாங்கிக்கொண்டார் என்பது ஊரறிந்த செய்தி. மடத்துக்குள் விருந்தாளியாகப் போனவர், கொடுத்தவரின் மனம் நோகக் கூடாது என்று வாங்கிக்கொண்டார். மறுநாள் மேடையில் அவர் கடவுள் மறுப்பை விட்டுவிடவில்லை.

ஒன்றே ஒன்று, கடுமையாகவே சொல்கிறேன். வாழ்த்துரைக்கு நம் பேச்சாளர்களை அழைப்பீர்கள். மைக் கையில் வந்ததும், எதிரே பெண்ணின் உறவுக்காரர்கள் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருக்கும்போது, சடங்குகளைக் கேலி செய்து கைதட்டு வாங்குகிறவர்கள் உண்டு. எத்தனையோ மண்டபத்தில் பார்த்து மனம் வெதும்பியிருக்கிறேன். அந்தப் பெண் இனி ஆயுளுக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டியவள். பேச்சாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்காதவர் என்றால் அழைக்காதீர்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்கள், வைக்கக் கூடாது என்பவர்கள் என்று இரண்டு கட்சி. பொதுக்குழு கூடினால் கைகலப்பு.
– வாசகி, சென்னை

இரக்கமா, பாதுகாப்பா என்று விவாதித்தால் அடுத்த பொங்கல் வரை முடியாது. எங்கே, எத்தனை மணிக்கு என்று பேசுங்கள். 2023-இல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் குடியிருப்போர் சங்கமே இடம் ஒதுக்க வேண்டும் என்கின்றன. மாடிப்படி, நுழைவாயில், பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. குடியிருப்பின் வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து, இரண்டு பக்கத்திலும் ஆளுக்கு ஒருவரை உட்காரவைத்து, பேனாவைக் கையில் கொடுங்கள். நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட மாநகராட்சியிடம் விண்ணப்பிக்க இருவருமே கையெழுத்திடலாம்.

என் கொழுந்தன் குடும்பக் குழுவில் ஒரு குறிப்பிட்ட சாதி மக்களைப் பற்றி எழுதக் கூசும் வார்த்தைகளில் பதிவிடுகிறார். என் உயிர்த்தோழி அந்தச் சமூகம். பதினோரு வயது மகள் என் போனில் அதைப் படித்துவிட்டு, 'அம்மா, இனி அந்த அத்தை வீட்டில் நாம் சாப்பிடக் கூடாதா?' என்று கேட்டாள். கணவர், 'அது அவன் கருத்து, விடு' என்கிறார். நீங்கள் எப்போதும் பொறுமையாகப் பேசச் சொல்கிறீர்கள். இதற்கும் பொறுமைதானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

இல்லை அம்மா. இதற்குப் பொறுமை கிடையாது.

கட்சி, ஹோமம், நாய் என்று மேலே வந்தவை எல்லாம் இருவர் இரண்டு விதமாக நினைக்கக் கூடியவை. இன்னொரு மனிதர் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடத் தகுந்தவரா என்பது அந்தப் பட்டியலில் சேராது. அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அது 1950-லேயே முடிந்த விஷயம். உங்கள் மகளின் பாடப்புத்தகத்தை எடுத்து முன்பக்கங்களைப் புரட்டுங்கள். 'தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்' என்று அச்சிட்டிருக்கும். அதை அவளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கணவரும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கட்டும்.

தனியே பேசுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லும் நான், உங்களிடம் குழுவிலேயே எழுதுங்கள் என்கிறேன். காரணம் உங்கள் மகள். அந்தக் குழுவில் அவளைப் போல இன்னும் நாலு பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். பெரியவர்கள் யாருமே ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதுதான் சரி போலிருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். கொழுந்தனை மாற்றுவதற்காக நீங்கள் எழுத வேண்டாம், படித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுங்கள். வாதம் வேண்டாம். 'என் தோழியைப் பற்றியும் அவர் மக்களைப் பற்றியும் இப்படி எழுதுவதை நான் ஏற்கவில்லை. என் மகள் இதைப் படிக்கிறாள். இனி இங்கே வரக் கூடாது' – இவ்வளவு போதும். பதிலுக்கு அவர் பத்து வரி எழுதினாலும் நீங்கள் இரண்டாம் முறை எழுத வேண்டியதில்லை. குழுவை நடத்துகிறவர் எவர் பதிவையும் நீக்க முடியும். நீக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் வெளியேறுங்கள். வெளியேறும் அறிவிப்பு இப்போது குழுவை நடத்துபவர்களுக்கு மட்டுமே போகும்படி வைத்திருக்கிறார்கள், ஆனால் நீங்கள் சொல்லிவிட்டே போங்கள்.

கொழுந்தன் வீட்டுக்கு வந்தால் சாப்பாடு போடுங்கள். உறவு அறுந்துவிடக் கூடாது என்று கணவர் கவலைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் கூரையின் கீழ், உங்கள் மகள் காதில் விழும்படி அந்தப் பேச்சு எழுந்தால், தட்டை வைத்துக்கொண்டே நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த வாரமே தோழியை வீட்டுக்கு அழையுங்கள். மகள் பரிமாறட்டும்.

சென்ற இதழில் 'மாற்றுக் கருத்தைத் தனியே சொல்லுங்கள்' என்று எழுதினீர்கள். எல்லாரும் எல்லாவற்றையும் தனியே பேசிக்கொண்டிருந்தால் பொதுக்கருத்து எப்படி உருவாகும்? தலைவர்களின் தவற்றை யார் சுட்டிக்காட்டுவது?
– வாசகர், திருநெல்வேலி

நல்ல கேள்வி. பதிலும் உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம், ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், நாம் தீண்டாமை என்ற பாவத்தைச் செய்ததற்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்ற பொருளில் பேசினார். தாகூருக்கு அது பொறுக்கவில்லை. தீண்டாமையை வெறுப்பதில் அவரும் காந்தியும் ஒன்று. ஆனால் இயற்கையின் சீற்றத்தை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது மக்களின் மூடநம்பிக்கையை வளர்க்கும் என்று கருதினார். மறுப்பை எழுதி, காந்திக்கே அனுப்பினார். காந்தி அதைத் தம்முடைய 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். தம் பதிலையும் பக்கத்தில் போட்டார். இருவரும் இறங்கிவரவில்லை. தாகூர் சொன்னதுதான் சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனாலும் தம்மை மறுக்கும் எழுத்தைத் தம் வாசகர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்த காந்தியை வணங்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, உடல் நலிந்த தாகூர் தம் விசுவபாரதிக் கல்வி நிலையத்துக்கு நிதி திரட்ட ஊர் ஊராகக் கலைக்குழுவோடு அலைகிறார் என்று தெரிந்ததும், 60,000 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்து அவரை ஓய்வெடுக்க அனுப்பியதும் அதே காந்திதான்.

பொதுவில் எழுதுங்கள் ஐயா, தாராளமாக. யாரை மறுக்கிறீர்களோ அவருக்கு முதலில் அனுப்பிவிட்டு எழுதுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எடுத்துப் போட்டு மறுத்து எழுதுங்கள். முகமும் பெயரும் இல்லாமல் வந்து வசைபாடுகிறவர்களுக்கு மட்டும் பதில் எழுதி உங்கள் நேரத்தைக் கொடுக்காதீர்கள்.

பத்தாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளிப் பட்டிமன்றத்தில் 'கைப்பேசி மாணவர்களுக்கு நன்மையே' என்ற அணியில் என்னைப் போட்டுவிட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. அணி மாற்றிக் கேட்கலாமா?
– மாணவி, காரைக்குடி

மாற்றாதே அம்மா. உன் வாய்ப்பை விட்டுவிடாதே.

மணிமேகலையில் புகார் நகரத்தில் இந்திர விழா தொடங்கும்போது முரசறைந்து ஊருக்குச் செய்தி சொல்வார்கள். இருபத்தெட்டு நாள் விழா. தெருவில் புதுமணல் பரப்புங்கள், கொடி கட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே வருகிறவன், வெவ்வேறு சமயத்து வாதிகளே, பட்டிமண்டபத்தின் முறை தெரிந்து ஏறுங்கள் என்கிறான். அடுத்து, 'பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்' என்கிறான். பகைவரோடுகூடச் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்று பொருள். தெருவில் புதுமணல் பரப்புவதையும் வாதத்தில் பகை கூடாது என்பதையும் ஒரே அறிவிப்பில் சேர்த்துச் சொன்ன ஊர் நம்முடையது.

கைப்பேசியால் நன்மை என்று உண்மையாகவே நம்புகிற இரண்டு பேரைத் தேடிப் போ. ஒருவர் உன் வகுப்பிலேயே இருக்கட்டும். இன்னொருவர் பெரியவராக இருக்கட்டும். மீன் விற்கிறவரோ, வெளிநாட்டில் மகன் இருக்கும் அம்மாவோ. நீ பேசாதே, கேள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே குறித்துக்கொள். அதை மேடையில் அவர்களுக்காகப் பேசு. எதிரணியில் உன் தோழி இருந்தால், அவளுடைய வலுவான வாதத்தை நீயே முதலில் எடுத்துச் சொல்லிவிட்டுப் பதில் சொல். முடிந்ததும் இருவரும் சேர்ந்தே வீட்டுக்குப் போங்கள்.

பட்டிமன்றம் முடிந்ததும், நடுவர் என்ன தீர்ப்புச் சொன்னார், அந்த இரண்டு பேர் உன்னிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. அடுத்த இதழில் போடுகிறேன்.